திரும்பத் திரும்ப விரியும் வெல்டு: தோட்டப் பட்டறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு வேலை செய்யும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் வாசலில் ஒரு டிரெய்லர் நிற்கும். குலை ஏற்றுவது, உரம் கொண்டுபோவது, தண்ணீர்த் தொட்டி இழுப்பது என்று ஏதோ ஒன்று. அவற்றில் பலவும் போன தடவை ஒட்டிய இடத்திலோ, அதற்கு ஒரு விரல் தள்ளியோ மறுபடி விரிந்து வந்தவை. தொழிற்பயிற்சி நிலையங்களான ஐஎல்பி-யிலோ கியாட் மாராவிலோ படித்து முடித்துப் பட்டறைக்கு வரும் தம்பி தங்கைகள் முதல் மாதத்திலேயே பார்ப்பது இந்த வேலையைத்தான். "நல்லாத்தானே ஒட்டினோம், ஏன் திரும்ப விட்டுச்சு?" என்று கேட்டால், வேலை நெருக்கடியில் உட்கார்ந்து பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்தப் பதிலை வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டைத் தகட்டில் எந்த இடத்தில் வைத்தீர்கள், அதன் ஓரம் என்ன வடிவத்தில் இருக்கிறது, இவை இரண்டும்தான் ஆயுளை முடிவு செய்கின்றன. எந்த மெஷினில் ஒட்டினீர்கள் என்பது அதற்கு அடுத்துதான் வரும். மெஷினுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அது ஓரத்தின் வடிவத்தையும் சுத்தத்தையும் மாற்றுகிறது, அந்த வழியாகத்தான் ஆயுளையும் மாற்றுகிறது.

இரும்பு எப்படிக் களைக்கிறது

டிரெய்லரில் குலையை ஏற்றி அப்படியே நிறுத்தி வைத்தால், டிராக்டரோடு இணைக்கும் இழுவைச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் நின்றாலும் தாங்கும். அதே டிரெய்லர் செம்மண் சாலையில் குண்டும் குழியுமாகப் போகும்போது, ஒவ்வொரு குழிக்கும் சட்டத்தின் மேல் சுமை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் ஒரு சுற்று. இரும்பு வளையத் தொடங்கும் அளவுக்குப் பாதிகூட இல்லாத சுமையாக இருந்தாலும், லட்சக்கணக்கான சுற்றுகளில் எங்கோ ஒரு கூர்மையான இடத்தில் முடியளவு விரிசல் பிறக்கும். அது சுற்றுக்குச் சுற்று நீளும். கடைசியில் மீதமிருக்கும் இரும்பு தாங்காமல் ஒரே குலுக்கலில் ஒடிந்துவிடும். இதுதான் உலோக அயர்வு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் உடைவதை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர்தான், சுமையின் அளவுக்கும் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சோதித்துக் காட்டியவர்.

வெல்டு இல்லாத தகட்டில் விரிசல் பிறப்பதற்கே பெரும்பாலான ஆயுள் போய்விடும். வெல்டு வைத்த தகட்டில் அந்தக் காலம் மிகவும் குறுகிவிடுகிறது. வெல்டு தகட்டைத் தொடும் ஓரத்தில் வடிவம் சட்டென்று மாறுவதுதான் முதல் காரணம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ஒரு கல்லைச் சுற்றும்போது நெருங்கி வேகமெடுப்பது போல, தகட்டின் வழியே போகும் விசை அந்த மூலையில் நெருங்குகிறது. அந்த ஓரத்திலேயே கசடு புகுந்த நுண்ணிய பிளவுகளும் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கு பங்கு ஆழம். கண்ணால் பார்த்தால் தெரியாது. இது போதாதென்று, உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டை இழுத்துப் பிடித்தபடியே இறுகிவிடுகிறது. இந்த உள் இழுவை, இரும்பு வளையத் தொடங்கும் எல்லை வரைகூடப் போகும். ஆகவே வெளியே இருந்து வரும் சுமை அமுக்கினாலும் சரி, இழுத்தாலும் சரி, ஓரம் எப்போதும் இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது. சுமை ஏறி இறங்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதே அங்கே கணக்கு.

இதிலிருந்து வரும் ஒரு முடிவைப் பல அனுபவசாலிகளே நம்ப மாட்டார்கள். எஸ்275 என்ற தர எஃகுக்குப் பதில் அதைவிட வலுவான எஸ்355 தகடு போட்டாலும், அதைவிட உயர்ந்த தரம் போட்டாலும், ஒட்டியபடியே விட்ட மூட்டின் அயர்வு ஆயுள் கூடாது. ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதிநூலான யூரோகோட் 3-இன் 1-9 பகுதி, எல்லாத் தர எஃகுக்கும் ஒரே அயர்வு வலிமையைத்தான் கொடுக்கிறது. "உசத்தி இரும்புதானே" என்று தடிப்பைக் குறைத்துவிட்டால் ஆயுள் இன்னும் சுருங்கும்.

கொஞ்சம் எண்கள்

அந்த விதிநூல் ஒவ்வொரு வகை மூட்டுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. 20 லட்சம் சுற்றுகள் தாங்க வேண்டுமானால் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் விசை, எத்தனை மெகாபாஸ்கல் வரை ஏறி இறங்கலாம் என்பதே அந்த எண். வெல்டே இல்லாத உருட்டுத் தகட்டுக்கு 160. இரண்டு தகடுகளை முட்ட வைத்து ஒட்டி, புடைப்பைச் சமமாகத் தேய்த்து, உள்ளே குறை இல்லை என்று சோதித்தும் இருந்தால் 112. தேய்க்காமல் விட்டால், புடைப்பின் உயரத்தைப் பொறுத்து 90 அல்லது 80. விசையின் திசைக்குக் குறுக்கே ஒட்டிய மெல்லிய விறைப்புத் தகட்டுக்கு 80. அதே தகட்டை விசையின் திசையிலேயே 100 மி.மீ.க்கு மேல் நீளமாக ஒட்டினால் 56. தகட்டின் விளிம்பில் வளைவு இல்லாமல் செங்கோணமாக ஒட்டிய கசெட் தகட்டுக்கு, அதாவது மூட்டைப் பலப்படுத்த வைக்கும் தகட்டுக்கு, 40. இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போட்டு, சுமையை நேரடியாகத் தாங்கும் மூலை வெல்டு அடியிலிருந்து கிழிவதாக இருந்தால் 36.

இப்போது முறையால் வரும் வித்தியாசத்தைப் பாருங்கள். நீளவாட்டில் போகும் தொடர் வெல்டை, தானியங்கி மெஷின் இடையில் எங்கும் நிற்காமல் போட்டால் 125. அதே மெஷின் நடுவில் நின்று தொடங்கினால் 112. கையால் போட்டால் 100. மெஷினை மாற்றினால் 125-க்கும் 100-க்கும் இடையில் விளையாடுகிறோம். இடத்தையும் வடிவத்தையும் மாற்றினால் 112-க்கும் 36-க்கும் இடையில் விளையாடுகிறோம். எதில் கவனம் வைக்க வேண்டும் என்று இந்த எண்களே சொல்கின்றன.

எண் பாதியானால் ஆயுள் பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுள் மும்மடிக் கணக்கில் மாறும்: எண் பாதியானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இழுவைச் சட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் 80 மெகாபாஸ்கல் ஏறி இறங்குகிறது, இரண்டு வினாடிக்கு ஒரு குழி, நாளுக்கு ஆறு மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 10,800 சுற்று. 80 எண் உள்ள மூட்டு 20 லட்சம் சுற்றை எட்ட ஏறக்குறைய 185 நாள் ஆகும். அதே இடத்தில் 40 எண் உள்ள மூட்டு இருந்தால் இரண்டரை லட்சம் சுற்றுதான், 23 நாள். இரும்பும் ஒன்று, வெல்டிங் குச்சியும் ஒன்று, ஒட்டியவரும் ஒருவரே. விதிநூல் எண்களில் பாதுகாப்புக்காக இடைவெளி விட்டிருப்பதால் நிஜத்தில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக ஓடும். ஆனால் எட்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே நிற்கும்.

முதல் படி: உடைந்த இடத்தைப் படியுங்கள்

டிரெய்லர் வந்ததும் கிரைண்டரை எடுக்காதீர்கள். சேற்றையும் கிரீஸையும் கழுவி, உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அயர்வில் போன முகம் வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒரு புள்ளியிலிருந்து விரியும் பிறை பிறையான கோடுகள் தெரியும், பழைய பகுதி துருவேறிக் கறுத்திருக்கும். கடைசியாக ஒடிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பிறைகள் எந்தப் புள்ளியைச் சுற்றி நிற்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். தேய்த்த பிறகு இந்தச் சாட்சி திரும்பக் கிடைக்காது.

பிறந்த புள்ளி வெல்டின் ஓரத்தில், தகட்டுப் பக்கம் இருந்தால் குற்றம் வடிவத்திலோ இடத்திலோ இருக்கிறது. வெல்டின் நடுவே நீளவாட்டில் கிழிந்திருந்தால் அடியில் இருந்து தொடங்கியிருக்கிறது. ஊடுருவல், அதாவது தகடு உருகிய ஆழம், போதவில்லை அல்லது வெல்டு சிறியது. முகம் முழுக்கப் புதிதாக, இரும்பு வளைந்து நீண்டு உடைந்திருந்தால் அது அயர்வே இல்லை. வடிகால் கானில் இறங்கியதோ மரத்தில் மோதியதோ இருக்கும், ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒட்டலாமா என்று கேளுங்கள்

சில பொருள்களில் வெல்டிங் வைக்கவே கூடாது. வில்லுப் பட்டை, அடித்துச் செய்த இழுவைக் கொக்கி, அதில் மாட்டும் 'பின்' எல்லாம் பதப்படுத்திய இரும்பு. சூடு பட்ட இடத்தில் பதம் போய், அதை ஒட்டி உடையக்கூடிய கடினப் பட்டை உருவாகிவிடும். புதியதுதான் வாங்க வேண்டும். லாரி சாசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டோ போடுவதைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தடை செய்கிறார்கள். அந்த வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஆலையின் பாய்லர், குலையை வேக வைக்கும் ஸ்டெரிலைசர் ஆகியவை அழுத்தக் கலன்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி-யின் தகுதிச் சான்றிதழோடு ஓடுபவை. "சின்னக் கசிவுதானே, ஒரு புள்ளி வச்சிடு" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த வேலைக்கு அனுமதியும் தகுதி பெற்ற ஆளும் வேண்டும். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, அந்தக் கலனைச் சுற்றி வேலை செய்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

மூன்றாம் படி: வெல்டு எங்கே வரும் என்று முடிவு செய்யுங்கள்

நம் பட்டறைகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விரிசல் வந்ததும் அதன் மேல் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் உள்ளே பழைய விரிசல் அப்படியே இருக்கிறது. தகடு முடியும் இடத்தில் தடிப்பு திடீரென்று மாறுவதால், அங்கே குறுக்காகப் போட்ட வெல்டு புதிய பலவீனம் ஆகிறது. மூடு தகட்டின் முனைக்கு விதிநூல் கொடுக்கும் எண், தடிப்பைப் பொறுத்து 56-லிருந்து 36 வரை இறங்குகிறது. ஆகவே சில மாதத்தில் தகட்டின் முனையை ஒட்டிச் சட்டம் விரியும். அதன் மேல் இன்னொரு தகடு வரும், அப்புறம் இன்னொன்று.

சரியான வழி, விரிசலை முழுக்க எடுத்துவிட்டு முட்டு வெல்டாக ஒட்டிச் சமமாகத் தேய்ப்பது. எண்களைத் திரும்பப் பாருங்கள்: 56, 36 என்ற எண்களிலிருந்து 112 நோக்கிப் போகும் வழி இது. பலப்படுத்தத் தகடு வேண்டியே தீரும் என்றால், அதன் முனைகளைச் சதுரமாக விடாமல் சாய்வாகக் கூம்பி வரும்படி வெட்டுங்கள். 'ப' வடிவச் சட்டமான சேனலின் மேல், கீழ் விளிம்புகளைக் குறுக்கே வெட்டிப் போகும் வெல்டு வேண்டாம். வளையும் சட்டத்தில் விளிம்புகளில்தான் தகைவு அதிகம், நடு உயரத்தில் மிகக் குறைவு. முடிந்தவரை தகட்டை நடுப்பட்டையில் வைத்து, விளிம்பிலிருந்து தள்ளியே ஒட்டுங்கள்.

கசெட் வைக்கும்போதும் இதே எண்ணம் வேண்டும். முக்கோணத் தகட்டைச் செங்கோணமாக விளிம்பில் ஒட்டினால் 40. அதன் முனையை 150 மி.மீ.க்கு மேல் ஆரமுள்ள வளைவாக வெட்டி, ஒட்டிய பின் அந்த வளைவையும் வெல்டு முடிவையும் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் 90. ஒரு வளைவும் அரைமணி நேரத் தேய்ப்பும் ஆயுளைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டுகின்றன.

சுமையே தாங்காத சின்னச் சின்ன ஒட்டுகளையும் பாருங்கள். ஒயர் பிடிக்கும் கொக்கி, நம்பர் பலகைக்கான ஆங்கிள், தார்ப்பாய் கட்ட ஒரு வளையம். இவை எதையும் தாங்கவில்லை, ஆனால் அதிகத் தகைவு உள்ள விளிம்பில் ஒட்டினால் அங்கே விரிசல் பிறக்கும். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற நார்வேயின் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விசாரணையில், மேடையின் தாங்கு குழாய் ஒன்றில் ஒலிக் கருவி வைக்க ஒட்டியிருந்த தாங்கியின் 6 மி.மீ. மூலை வெல்டிலிருந்து அயர்வு விரிசல் தொடங்கியது தெரிய வந்தது. அந்தத் தாங்கி மேடையின் சுமையில் எதையும் சுமக்கவில்லை. அதன் வெல்டு மோசமான வடிவத்தில் இருந்தது. இதைப் படித்த பிறகும் இழுவைச் சட்டத்தின் அடி விளிம்பில் ஒயர் கொக்கி ஒட்ட எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக் கூடாது. நட்டு போல்ட் பட்டி போதும்.

நான்காம் படி: முறையைத் தேர்ந்தெடுங்கள்

குச்சி வெல்டிங் நம் பட்டறைகளில் எல்லாரும் பழகும் முதல் முறை. 6013 என்ற எண் வகைக் குச்சி எளிதில் பற்றும், அழகாகப் படியும். மெல்லிய தகடு, கதவு, வேலிக்கு அது சரி. குலுங்கும் தடித்த சட்டத்துக்கு 7018 எடுங்கள். அதன் வெல்டு உறுதியோடு இழுபடவும் செய்யும், ஹைட்ரஜனும் குறைவு. ஹைட்ரஜன் உள்ளே போனால், ஒட்டி முடித்துச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூட வெல்டின் பக்கத்தில் விரிசல் தோன்றும். அயர்வு அங்கிருந்தே தொடங்கிவிடும். நம் ஊர் ஈரக் காற்றில் 7018-இன் பூச்சு சீக்கிரம் தண்ணீரை உறிஞ்சும். அமெரிக்க வெல்டிங் விதிநூலான டி1.1, அந்த வகைக் குச்சியை வெளியே வைக்க நான்கு மணி நேரம்தான் கொடுக்கிறது. திறந்த டப்பாவைக் குச்சி அடுப்பில் 120 டிகிரி வாக்கில் வையுங்கள். ஈரம் பட்டதைப் பெட்டியில் எழுதியிருக்கும் சூட்டில், பொதுவாக 300-லிருந்து 350 டிகிரியில், திரும்பச் சுட்டெடுங்கள். மழையில் நனைந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

குச்சி வெல்டிங்கின் இன்னொரு குறை ஓரத்தில் தங்கும் கசடு. அடிக்கடி குச்சி மாற்றுவதால் நின்று தொடங்கும் இடங்களும் அதிகம். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பள்ளம், விரிசல் பிறக்க ஓர் இடம்.

சிஓ2 என்று நாம் கூப்பிடும், வாயுவின் காப்பில் கம்பி உருகும் கம்பி வெல்டிங்கில் கசடு மிகக் குறைவு, நிறுத்தமும் குறைவு. அதனால் நீளமான தையலுக்கு நல்லது. ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வோல்ட்டைக் குறைத்து, கம்பி தகட்டில் தொட்டுத் தொட்டு உருகும் நிலையில் தடித்த தகட்டை ஒட்டினால், மேலே அழகான வரி வரும், கீழே தகடு உருகியே இருக்காது. உருகிய இரும்பு தகட்டின் மேல் சும்மா படுத்திருக்கும். அந்தப் படுக்கையின் விளிம்பே ஒரு தயார் விரிசல். வெளித் தோற்றத்தில் குச்சி வெல்டைவிட இதுதான் அழகு என்பதால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தடித்த தகட்டுக்குச் சூட்டைக் கூட்டுங்கள். வசதி இருந்தால் 80 விழுக்காட்டு ஆர்கன் கலந்த வாயு எடுங்கள்; அதில்தான் கம்பி நுண் துளிகளாகத் தெளித்து உருகும், ஓரமும் வழவழப்பாகச் சேரும். தனி சிஓ2-வில் அந்தத் தெளிப்பு நிலை கிடைக்காது. திறந்த வெளியில் காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும், தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்ட டிராக்டருக்குக் குச்சிதான் நம்பிக்கையானது.

டிக் எனப்படும் ஆர்கன் வெல்டிங் மெதுவானது, ஆனால் ஓரம் மிகச் சுத்தமாக வரும். ஒரு பக்கம் மட்டுமே எட்டும் குழாயில் அடி வரிசையை ஆர்கனில் போட்டு மேலே குச்சியில் நிரப்புவது நல்ல வழக்கம். ஒட்டிய வெல்டின் ஓரத்தைத் திரும்ப உருக்கி வடிவம் திருத்தவும் இது உதவும். பொடிக்கு அடியில் எரியும் சப்மெர்ஜ்டு ஆர்க் முறை தொழிற்சாலை வேலை, நம் பட்டறைக்கு வராது.

எதை எடுத்தாலும், அன்றைய அமைப்பில் முதலில் ஒரு துண்டுத் தகட்டில் டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, சுத்தியலால் அடித்து மடக்கி உடைத்துப் பாருங்கள். அடி வரை உருகியிருக்கிறதா என்று கண் முன்னே தெரியும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் நான் எந்தப் புதிய பிள்ளையையும் இழுவைச் சட்டத்தில் கை வைக்க விடமாட்டேன்.

ஐந்தாம் படி: ஒட்டுங்கள்

பாட்டரியைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெடும். செம்பனை நாரும் டீசலும் ஒட்டியிருந்தால் துடைத்தெடுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விரிசலின் இரு முனைகளையும் சிவப்புச் சாயம் தெளித்துக் கண்டுபிடியுங்கள். சாயம் ஊற பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் அது போயிருக்கும். தேய்த்துத் திரும்பச் சாயம் போடுங்கள். சிவப்பு வருவது நிற்கும் வரை தேய்க்க வேண்டும். இங்கே பொறுமை இழந்தால் மற்ற படிகள் எல்லாம் வீண்.

பிறகு வி வடிவில் வெட்டி, துருவும் பெயின்டும் நீக்கி, முழு ஊடுருவலாக ஒட்டுங்கள். பின்பக்கம் எட்டினால் அடியைத் தோண்டி அங்கும் ஒரு வரிசை. தடித்த இரும்பாக இருந்தால் முன்சூடு கொடுங்கள். வெல்டிங் ஆர்க்கை, வெல்டு வரும் இடத்துக்குள்ளேயே பற்ற வையுங்கள். பக்கத்துத் தகட்டில் கீறிப் பற்ற வைத்த தழும்பு ஒவ்வொன்றும் ஒரு கடினப் புள்ளி. கசெட்டின் முனையிலும் மூலையிலும் நிறுத்தாதீர்கள், முனையைச் சுற்றித் திரும்பி வந்து, தகைவு குறைந்த இடத்தில் முடியுங்கள். கரண்ட் கூடினாலோ கை வேகமாகப் போனாலோ ஓரத்தில் பள்ளம் விழும். 0.5 மி.மீ. பள்ளம்கூடக் குலுங்கும் சட்டத்துக்கு அதிகம்.

வெல்டைத் தேவைக்கு மேல் குவிக்காதீர்கள். உயரமாகப் புடைத்த வெல்டின் ஓரம் செங்குத்தாக இறங்கும், அந்தச் செங்குத்தில்தான் விசை நெருங்கும்.

ஆறாம் படி: ஓரத்தைத் தேய்த்துத் திருத்துங்கள்

முட்டு வெல்டாக இருந்தால் புடைப்பை முழுக்கத் தகட்டோடு சமமாக்குங்கள். மூலை வெல்டாக இருந்தால், தகட்டைத் தொடும் ஓரத்தை மட்டும் உருண்டை முனையுள்ள கார்பைடு பர் வைத்துத் தேய்த்து, மென்மையான குழிவாக்குங்கள். கசடு புகுந்த நுண் பிளவுகள் போக வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே பளபளப்பாக்கினால் மட்டும் போதாது, தெரியும் பள்ளத்தின் அடிக்குக் கீழே குறைந்தது 0.5 மி.மீ. இறங்க வேண்டும். சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைப்படி, இப்படித் தேய்த்தாலோ ஆர்கனில் திரும்ப உருக்கினாலோ மூட்டின் அயர்வு வலிமை 1.3 மடங்காகக் கணக்கிடலாம். மும்மடிக் கணக்கில் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல்.

சாதாரண டிஸ்க் கிரைண்டரில் செய்வதானால் கீறல்களின் திசையைக் கவனியுங்கள். கீறல் விசை போகும் திசையிலேயே இருக்க வேண்டும். வெல்டை ஒட்டி அதன் நீளத்திலேயே விழுந்த கீறல், விசைக்குக் குறுக்கே நின்று புதிய விரிசலை வரவேற்கும். இன்னொன்று: விரிசல் அடியில் இருந்து வரும் மூட்டாக இருந்தால் ஓரத்தைத் தேய்த்து ஒரு பயனும் இல்லை. அதற்கு முழு ஊடுருவல்தான் மருந்து.

ஏழாம் படி: சோதித்து, பூசி, தேதி எழுதுங்கள்

7018-இல் ஒட்டிய தடித்த தகட்டை முடிந்தால் மறுநாள் திரும்பச் சாயம் போட்டுப் பாருங்கள், தாமதமாக வரும் விரிசல் அப்போதுதான் தெரியும். அப்புறம் பிரைமரும் பெயின்டும் தேய்த்த இடம் முழுக்க. உரம் ஏற்றும் டிரெய்லருக்கு இது இரட்டிப்பு முக்கியம். உர உப்பும் ஈரமும் சேர்ந்து அரிக்கும் இரும்பு, உலர்ந்த இரும்பைவிடச் சீக்கிரம் களைத்துப்போகும்.

பட்டறையில் ஒரு நோட்டு வைத்து வண்டி, இடம், விரிசல் பிறந்த புள்ளி, முறை, குச்சி, தேதி என்று எழுதுங்கள். ஓட்டுநரிடமும் சொல்லி அனுப்புங்கள்: "அண்ணே, வாரம் ஒரு தடவை இந்த இடத்தக் கழுவிப் பாருங்க, பெயின்ட்ல முடி மாதிரி துருக்கோடு தெரிஞ்சா உடனே கொண்டு வாங்க." பெயின்டில் வரும் அந்தக் கோடு, உள்ளே விரிசல் திறந்து மூடுவதன் அடையாளம், அந்த நிலையில் வந்தால் தேய்த்து ஒட்டுவது சின்ன வேலை. அதே இடம் மூன்றாவது தடவை விரிந்து வந்தால் குச்சியையோ மெஷினையோ மாற்றிப் பார்க்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போர்மேனிடம் போய், அந்தச் சட்டத்தின் வடிவத்தை மாற்றவோ அடுத்த அளவு சேனல் போடவோ கேளுங்கள்.